குழாயைச் சுற்றி முப்பது அடி

அவர் வேலை பார்த்த அறையில் ஏசி உண்டு. அவருக்காகப் போட்டது அல்ல. அறைக்குள் இருக்கும் நான்கு இயந்திரங்களுக்கு இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் உடம்புக்கு ஆகாது. இருபத்தாறில் ஒன்று முனகும். இருபத்தெட்டில் நான்கும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்துவிடும். மனிதனுக்கு நாற்பதிலும் ஒன்றும் ஆகாது என்பது மேலிடத்தின் அறிவியல் முடிவு. ஏசி பழுதான நாட்களில் தலைமை அலுவலகத்திலிருந்து பதறியடித்துக்கொண்டு போன் வரும், மெஷின் எப்படி இருக்கிறது என்று. இவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தனக்கு ஏதோ பெரிய வியாதி போலிருக்கிறது என்று பயந்திருப்பார்.

அவர் அங்கே வந்ததே ஏசி மெக்கானிக்காகத்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஸ்பேனரோடு உள்ளே போன மனுஷன், அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை என்று அவர் மனைவி சொல்வார். வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுவதைவிட ஆளையே பிடித்துப் போட்டுவிடலாம் என்று ஓர் அதிகாரிக்குத் தோன்ற, 'நிலைய உதவியாளர்' என்று ஒரு பதவியும் ஒரு சாவிக்கொத்தும் கிடைத்தன. நிலையம் என்றதும் ரயில் நிலையம் போல நினைத்துவிடக் கூடாது. பூங்காவின் மூலையில், நாலு ரோடு கூடுகிற இடத்தில், கம்பி வேலிக்குள்ளே ஒரு தகரப் பெட்டி. அரை பஸ் நீளம் இருக்கும். அதன் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய், தலையில் தொப்பி வைத்ததுபோல் நிற்கும். அந்தக் குழாய்தான் ஊரின் மூக்கு. அது உறிஞ்சும் காற்று, உள்ளே ஓடும் ஒரு வெள்ளை நாடாவின் வழியாகப் போகும். மணிக்கு ஒரு தடவை நாடா கொஞ்சம் நகரும். காற்றில் என்ன இருந்ததோ அது நாடாவில் வட்டமாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகும். பொட்டின் கனத்தை இயந்திரம் அளந்து ஓர் எண்ணாக்கும். எண் நாற்சந்தியில் இருக்கும் பலகைக்கும் ஊர் ஜனங்களின் போனுக்கும் போய்ச் சேரும். நூறுக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் மஞ்சள். இருநூறு சிவப்பு. முந்நூறுக்கு மேல் ஊதா. ஊதாவுக்கு மேல் என்ன நிறம் என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்குள் பார்க்க ஆள் இருக்காது என்று விட்டிருப்பார்கள்.

அக்கம்பக்கத்தில் அவருக்குக் காத்துக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். "என்ன காத்துக்காரரே, இன்னைக்கு எத்தனை?" என்று டீக்கடையில் கேட்பார்கள், ஏதோ காற்றை இவர் வீட்டில் அரைத்துக்கொண்டு வருகிறார் என்பதுபோல. சும்மா விளையாட்டுக்கு. அந்த விளையாட்டு நிஜமாக எட்டு வருஷம் ஆயிற்று.

எட்டாவது வருஷம், மழையே எட்டிப் பார்க்காத ஒரு பருவத்தில், பலகை ஏழு நாள் தொடர்ந்து ஊதாவாக இருந்தது. டிவிக்காரர்கள் பலகைக்குக் கீழே நின்று இருமிக் காட்டினார்கள். மேலிடத்துக்கு வியர்த்தது. ஆலைப் புகையை நிறுத்த வேண்டும், லாரிகளைத் திருப்பிவிட வேண்டும், பாதி கட்டிய கட்டிடங்களுக்குப் போர்வை போட வேண்டும் என்று நிபுணர் குழு சொன்னது. இதையெல்லாம் செய்தால் ஊரே நின்றுவிடும். ஊரை நிறுத்துவதா, எண்ணை நிறுத்துவதா என்று பார்த்தால் எண்ணுக்கு ஆள்பலம் கிடையாது.

வட்டாரத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் நேரில் வந்தார். காத்துக்காரரைவிட இருபது வயது சின்னவர். கோபம் வந்தால் "மிஸ்டர்" என்பார். காரியம் ஆக வேண்டுமென்றால் "அண்ணே". அன்றைக்கு "அண்ணே" என்றுதான் ஆரம்பித்தார்.

"அண்ணே, சுத்தி கொஞ்சம் தண்ணி அடிச்சா தூசி அடங்கும்ல?"

அடங்கும் என்றார் காத்துக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அது உண்மைதானே. அப்படித்தான் அது ஆரம்பித்தது, ஒரு உண்மையிலிருந்து. முதலில் தோட்டத்து ரப்பர் குழாயால் காலையும் மாலையும். பிறகு மணிக்கு ஒரு தடவை, பொட்டு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். பிறகு வேலிக்குள்ளே புல் நட்டார்கள். தொட்டிச் செடிகள் வந்தன. கடைசியில் பீரங்கிபோல் ஒரு யந்திரம் வந்து, மூன்று பக்கமும் பனிபோல் நீரைத் தூவிற்று. எல்லாம் குழாயைச் சுற்றி முப்பது அடிக்குள். முப்பத்தோராவது அடியில் லாரிகள் வழக்கம்போல் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தன. எண் இறங்கிற்று. ஊதா சிவப்பாகி, சிவப்பு மஞ்சளாகி, ஒரு திங்கட்கிழமை பலகை பச்சையாக எரிந்தது. அதற்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூட வந்தது. சட்டம் போட்டு, ஏசிக்குக் கீழே மாட்டியிருந்தார்கள்.

காத்துக்காரருக்கு இதில் மனச்சாட்சி உறுத்தியதா என்றால், முதல் மாதம் உறுத்தியது. பிறகு செடிகள் பூத்தன. பூத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனை மனச்சாட்சி என்ன செய்துவிட முடியும்?

வீட்டில்தான் வந்தது வினை.

அவர் மனைவி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவர். சாக்பீஸ் தூளும் சேர்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள, வேலையை முன்னாடியே விட்டுவிட்டார். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். காத்துக்காரரும் அப்படித்தான், சண்டை போடும்போதுகூட. 'அளந்து பார்க்காமல் பேசாதே' என்பது டீச்சர் வகுப்பின் முதல் பாடம், வீட்டின் முதல் சட்டம். ஜுரம் என்று காத்துக்காரர் படுத்தால் தெர்மாமீட்டர் ஒத்துக்கொண்ட பிறகுதான் கஞ்சி வரும். "உங்களுக்கு ஜுரம்னு நீங்க சொன்னா ஆச்சா? அது சொல்லணும்" என்பார்.

அப்பேர்ப்பட்டவரிடம் டாக்டர் ஒரு போதனை செய்தார். வெளியே போகுமுன் போனில் எண்ணைப் பாருங்கள் அம்மா, பச்சை என்றால் நன்றாக நடங்கள், நடந்தால்தான் நுரையீரல் விரியும். பச்சை இல்லையென்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள். டீச்சர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நாலு மணிக்குப் போனைப் பார்ப்பார். அறுபத்தெட்டு. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்குக் கிட்டத்தில் இருந்த நிலையம் எதுவோ அதன் எண்தான் போனில் வரும். கிட்டத்தில் இருந்தது ஒரே ஒரு நிலையம்தான்.

கல்யாணமான புதிதில் நடப்பதற்கென்று இரண்டு பேரும் சேர்ந்து போன அதே பெரிய ரோடு. அதில் இப்போது மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அந்தப் புழுதியில் முதுகை நிமிர்த்தி, மூச்சை ஆழமாக இழுத்து, டாக்டர் சொன்னபடி நடந்துவிட்டு வருவார். வந்து மாடிப்படியில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சுவார். விசில் ஊதுவதுபோல் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காத்துக்காரர் ஏசிக் காற்றில் உலர்ந்த தன் சட்டையைக் கழற்றுவார். ரப்பர் குழாய் பிடித்துப் பிடித்து உள்ளங்கை ஊறிச் சுருங்கியிருக்கும்.

நெஞ்சு மோசமானது. டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் போனை எடுத்தார். "உங்க ஏரியாவுல காத்து பிரமாதமா இருக்கேம்மா" என்றார். வெளியில் குற்றவாளி இல்லை என்று ஆனபின் குற்றவாளி வீட்டுக்குள்தானே இருக்க வேண்டும்? விசாரணை நடந்தது. பஞ்சுத் தலையணை? தூக்கிப் போடுங்கள். கம்பளம்? கிடையாது சார். பூனை?

பூனை இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காது மடிந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒன்பது வருஷமாக அதுதான் எல்லாம். டீச்சர் வாதாடவே இல்லை. மறுநாளே பூங்காவுக்கு எதிரில் கடை வைத்திருந்த தையல்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, வெறும் பால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "காரணம்னு ஒண்ணு இருந்தா அதை நீக்கித்தானே பாக்கணும்" என்றார். குரல் மட்டும் சரியாக இல்லை. காத்துக்காரர் அப்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவர் தொண்டையிலும் அன்றைக்குத் தூசி.

பூனை போயும் விசில் நிற்கவில்லை.

அப்போதுதான் காத்துக்காரர், தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக, ஒரு வேலையைச் செய்யாமல் விடுவது என்று முடிவு செய்தார். ஒரு செவ்வாய்க்கிழமை. ரப்பர் குழாயைத் திறக்கவில்லை. பீரங்கியின் ஸ்விட்சைப் போடவில்லை. கேட்டால் மோட்டார் மக்கர் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினோரு மணிக்கு எண் நூற்று நாற்பது. பன்னிரண்டுக்கு இருநூறு. இரண்டு மணிக்கு இருநூற்று எண்பத்தேழு. நாடாவைத் திறந்து பார்த்தார். கண்மை தடவியதுபோல் கறுப்புப் பொட்டு. அதைப் பார்த்து அவருக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். பலகை சிவப்பு. வீட்டில் டீச்சர் போனைப் பார்த்திருப்பார். ஜன்னலைச் சாத்தியிருப்பார்.

இரண்டரைக்கு இன்ஜினியர் இரண்டு டெக்னீஷியன்களோடு வந்து இறங்கினார். காய்ந்து கிடந்த ரப்பர் குழாயை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதைப் பார்க்காதவர்போல் அறைக்குள் போனார்.

"நேத்து அறுபத்தெட்டு, இன்னைக்கு இருநூத்து எண்பத்தேழு. காத்து ஒரே நாள்ல இப்படி மாறுமா? மெஷின்தான் கெட்டுப்போச்சு."

டெக்னீஷியன்கள் ஆமோதித்தார்கள். மூன்று வருஷமாகப் பொய்யை அளந்துகொண்டிருந்த இயந்திரம் நல்ல இயந்திரம். ஒரு நாள் உள்ளதைச் சொன்னதும் அதற்குப் பழுது. அன்றைய ஏழு பொட்டுகளும் 'கருவிக் கோளாறு' என்று எழுதி நீக்கப்பட்டன. நீக்கிய இடத்தில் போன மாதத்துச் சராசரியைப் போட்டு நிரப்பினார்கள். அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது. இன்ஜினியர் போகும்போது தோளில் கைவைத்து, "மிஸ்டர், மோட்டார் ரிப்பேர்னா உடனே சொல்லணும்" என்றார். மோட்டார் பற்றி இவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

நாலு மணிக்குப் பலகை பச்சையாயிற்று. நாலேகாலுக்கு டீச்சர் கிளம்பியிருக்கிறார். காத்துக்காரர் வீட்டுக்கு வந்தபோது மூன்றாவது படியில், கம்பியைப் பிடித்தபடி, உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலி இன்ஹேலர் படியில் உருண்டு கிடந்தது. மாடி வீட்டுக்காரர் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போக, டீச்சர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு இருந்தார். அந்தக் குழாயில் வந்த காற்றைக் காத்துக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குழாய் உள்ளே இழுக்கிறது, ஒரு குழாய் உள்ளே தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் தான் ஒருத்தன் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. பதில் தெரிந்த கேள்விதான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், டீச்சர் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, காத்துக்காரர் தன் பையிலிருந்து இரண்டு நாடாச் சுருள்களை எடுத்து மேடைமேல் விரித்தார். ஒன்று மூன்று வருஷத்துக்கு முந்தையது. வரிசையாகக் கறுப்புப் பொட்டு. இன்னொன்று போன மாதத்தது. பொட்டு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. வாயால் சொல்ல வராததை நாடா சொல்லிவிடும் என்று நினைத்தார். அளந்து பார்க்காமல் பேசக் கூடாது அல்லவா?

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதிகளைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? முன்னாடி கறுப்பு, இப்ப வெளுப்பு. நான் வேலையில இருந்திருந்தா இதைக் கிளாஸ்ல மாட்டியிருப்பேன். காத்து எவ்வளவு சுத்தமாயிருக்கு."

"காத்து சுத்தமாகல, டீச்சர். நாடா சுத்தமாயிருக்கு."

"புரியல."

சொன்னார். தண்ணீர், புல், பீரங்கி, முப்பது அடி, எல்லாம். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார், பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை ஏதோ சொல்லும்போது கேட்பதுபோல.

"மெஷினைச் சுத்தி மட்டும் எவனாவது சுத்தம் பண்ணுவானா? ஜுரம் வந்தவனை விட்டுட்டு தெர்மாமீட்டருக்கு ஐஸ் வைக்கிற மாதிரி. எந்த முட்டாள் அப்படிச் செய்வான்?"

"நான்தான்."

கீரைக்கட்டிலிருந்து ஒரு காம்பு கீழே விழுந்தது. டீச்சர் அதைக் குனிந்து எடுக்கவில்லை. குனிந்தால் மூச்சு வாங்கும்.

"நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்றார். "நான் நடக்கப் போறது உங்களுக்குப் பிடிக்கல. பயம். அதைச் சொல்லுங்க. அதுக்காக மெஷின் மேல பழி போடாதீங்க."

கறுப்பு நாடாவையும் வெள்ளை நாடாவையும் ஒழுங்காகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அவர் பைக்குள்ளேயே வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முப்பது வருஷத்தில் யாரும் அவரை இவ்வளவு நல்லவர் என்று சொன்னதில்லை. இவ்வளவு அடித்ததும் இல்லை.

இனி என்ன செய்வது? உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை, எண்ணை உண்மையாக்கியும் எடுபடவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. பொய்யை உண்மையாக்குவது. ஊருக்கெல்லாம் முடியாது, ஒரு ஆளுக்கு முடியும்.

"டீச்சர், மெஷினைப் பாக்க வர்றியா?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷத்துல இப்பத்தான் கூப்பிடத் தோணுச்சா" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் செருப்பை மாட்டினார்.

அறைக்குள் வந்து, தணிக்கைக்கு வருகிறவர்கள் ஒரு நாளும் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டார். பதிவேட்டில் இரண்டு இடத்தில் தேதி தப்பு என்று திருத்தினார். பிறகு காத்துக்காரர் வெளியே, குழாய்க்கு நேர்கீழே, புல்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்த்தார். பீரங்கி சுழன்றது. இலைகள் சொட்டின. ஈரமண் வாசனை எழுந்தது. அரைமணி நேரம் கழித்து டீச்சர் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார். விசில் இல்லை. வேலிக்கு அப்பால் பலகையில் அறுபத்தொன்று.

"அறுபத்தொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் திருப்தியாக. "இப்பத்தான் மருந்து பிடிக்க ஆரம்பிச்சிருக்கு."

அதிலிருந்து ஐந்து வாரம், சாயங்காலம்தோறும் இரண்டு மணி நேரம், டீச்சர் ஊரின் மூக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கன்னம் தெளிந்தது. ஒரே மூச்சில் மாடிப்படி ஏறினார். ஒரு நாள் தையல்கடையிலிருந்து மடிந்த காதோடு பூனை வந்து வேலிக்கடியில் நுழைந்து, எதுவுமே நடக்காததுபோல் மடியில் ஏறிப் படுத்தது. டீச்சர் பயந்துபோய் மூச்சை எண்ணினார். கால்மணி, அரைமணி, ஒரு மணி. ஒன்றும் ஆகவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். காத்துக்காரர் ரப்பர் குழாயோடு அப்படியே நின்றார். இன்னும் ஒரே ஒரு படி, ஏறிவிட்டால் உண்மை.

"அப்ப பூனை காரணம் இல்ல" என்றார் டீச்சர்.

"இல்ல" என்றார் இவர்.

"அப்ப திரைச்சீலைதான்."

அன்றைக்கே திரைச்சீலைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூனையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆறாவது வாரம் இன்ஜினியர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வேலிக்குள்ளே ஒரு டீச்சர், மடியில் ஒரு பூனை, பக்கத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஒரு உதவியாளர். கையும் களவுமாக மாட்டியாயிற்று. காத்துக்காரர் ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தார். "மிஸ்டர்" வரப் போகிறது என்று காத்திருந்தார். இன்ஜினியர் நாற்காலியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், டீச்சருக்கு வணக்கம் சொன்னார். பிறகு இவரைச் செடிகளுக்குப் பின்னால் அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, எவ்வளவு நேரம் உக்காருறாங்க?"

"ரெண்டு மணி நேரம், சார்."

"மூச்சு?"

"ரொம்பப் பரவாயில்ல."

மறுநாள் இன்ஜினியரின் கார் வந்தது. அதிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி இறங்கிற்று. பின்னாலேயே அவருடைய மாமியார் இறங்கினார், கையில் இன்ஹேலரோடு.

காத்துக்காரருக்கு அப்போது வந்தது கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் அந்த மனுஷன் தண்ணீர் அடிக்கச் சொல்லி இறக்கிய எண்ணைத் தானே நம்பிக்கொண்டு இருக்கிறான், பாவம், படித்த முட்டாள் என்று நினைத்திருந்தார். எண்ணை நம்பியது ஊரும் டீச்சரும் மட்டும்தான். எண்ணைச் செய்தவர்களில் ஒருத்தர்கூட நம்பவில்லை.

மாமியார் வந்த சேதி எப்படியோ மேலே போயிற்று. தலைமை அலுவலக இயக்குநரின் அப்பா வந்தார். இன்னொரு பெரியவரின் தங்கை வந்தார். ஓய்வுபெற்ற ஒருவர் செய்தித்தாளோடு வந்து, இடம் பிடிக்க முந்தின நாளே துண்டு போட்டுவைத்தார். பதினான்கு நாற்காலி ஆனது. பேச்சும் சிரிப்புமாகக் களைகட்டியது. நாற்காலிகள் இழுபட்டுப் புல் செத்தது. புல் செத்த இடத்தில் மண் எழும்பிற்று. மண் எழும்பியதும் எண் தொண்ணூற்று ஆறைத் தொட்டது. மேலிடம் மறுபடி விழித்துக்கொண்டது. சுற்றறிக்கை வந்தது: நிலையத்தின் அருகே ஆட்கள் அதிகமானால் அளவீட்டின் தரம் பாதிக்கப்படும், ஆகவே எட்டுப் பேருக்கு மட்டும் அனுமதி, அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். எட்டுப் பேரின் பட்டியலும் கூடவே இருந்தது. இயக்குநரின் அப்பா முதலாவது, மாமியார் ஆறாவது.

இன்ஜினியர் நேரில் வந்து சொன்னார். "அண்ணே, நான் எவ்வளவோ..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை வேலிக் கம்பியில் துடைத்தார். பட்டியலில் உதவியாளர் வீட்டாருக்கு இடமில்லை; அது விதி.

காத்துக்காரர் வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு தெரு முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். யோசித்திருக்க வேண்டியதே இல்லை. டீச்சர் சுற்றறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, "சரிதானே" என்றார். "அளக்குற இடத்துல கூட்டம் கூடாது. நானே சொல்லணும்னு நினைச்சேன்." பிறகு போனை எடுத்துப் பார்த்தார். அறுபத்திரண்டு. "எங்கேயும் இதே காத்துதானே. நான் ரோட்டுலயே நடந்துக்கறேன்."

இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் விசில் திரும்பி வந்தது. எண் அறுபத்திரண்டு, நெஞ்சு அறுபத்திரண்டு இல்லை. அப்படியென்றால் எது தப்பு என்பதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. டாக்டரிடம் போய் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டு வந்தார். புது மருந்தில் கை நடுங்கிற்று. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

ஒன்று மட்டும் மாறியது. மேம்பாலத்துப் பக்கம் போகாமல், டீச்சர் இப்போது பூங்கா ரோட்டில் நடந்தார். ஏன் என்று காத்துக்காரர் கேட்கவில்லை.

நாலரைக்கு டீச்சர் நடைபாதையில் வருவது செடிகளின் இடுக்கு வழியாகத் தெரியும். மெல்ல, ஒரு கையால் வேலிக் கம்பியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு. உள்ளே எட்டு நாற்காலிகளிலும் எட்டு நல்ல நெஞ்சங்கள் உட்கார்ந்திருக்கும். பீரங்கி அவர்களைப் பார்த்துச் சுழலும். அது தூவும் மூன்று பக்கமும் அளந்து பூட்டப்பட்டிருந்தன, வெளியே திருப்ப முடியாது. ரப்பர் குழாய்க்குப் பூட்டுக் கிடையாது. காத்துக்காரர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, வேலிக் கம்பிகளுக்கு நடுவே நீட்டி, மேல்நோக்கி விசிறுவார். நீர் பனியாகச் சிதறி நடைபாதையில் ஒரு பத்தடிக்கு இறங்கும். டீச்சர் அந்தப் பத்தடியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? எட்டு எட்டு வைத்தால் முடிந்துவிடும்.

"செடிக்கு இந்தப் பக்கம் இல்லையாப்பா வேரு" என்று இயக்குநரின் அப்பா ஒரு நாள் கேட்டார். காத்துக்காரர் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

டீச்சரின் செருப்பு வார் தினமும் சரியாக அந்தப் பத்தடிக்குள் வந்ததும் கழன்றுகொள்ளும். வேலியைப் பிடித்து நின்று, குனியாமல், காலை மட்டும் தூக்கி, நடுங்கும் விரலால் அதை மாட்டுவார். மாட்டி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். தலைமுடியிலும் கண்ணாடியிலும் சின்னச் சின்னத் துளிகள் நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும். லாரி ஒன்று போகும், கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கும் புருஷனைப் பார்த்துச் சத்தமாக, நாற்காலிக்காரர்கள் எட்டுப் பேருக்கும் கேட்கும்படி சொல்வார்:

"என்னங்க, துணியெல்லாம் நனையுது. பாத்து அடிக்கக் கூடாதா?"

ஆனால் நகர மாட்டார்.